திரும்பி வருவதற்கான அத்தாட்சி

மே மாதம் கொழும்பு.
இரவு ரயில், இரண்டாம் வகுப்பு, ஜன்னலோரம்.
கல்லோயாச் சந்தியில் எஞ்சின் மாற்றும் நேரத்துக்குள்
உரையின் கடைசிப் பக்கத்தை முடித்துவிடலாம்.
போன முறையும் அங்கேதான் முடித்தேன்.
பெட்டி குலுங்கிய குலுக்கில்
விண்மீன் என்று எழுதியதில்
விண் கிறுக்கலாகிப் போய்
மீன் மட்டும் மிஞ்சியது.
துறைமுகக் கந்தோர்க்காரி எழுதினால்
அப்படித்தான் வரும் என்று சிரித்தார்கள்.

ஓகஸ்ட்டில் கடல் தாண்டி ஐந்து நாள் மாநாடு.
நாலாயிரம் பேர் வருவார்களாம்,
பாதிப்பேர் வால் வைத்துக்கொண்டு.
எனக்குத் தந்த அமர்வு
“பேரழிவுக்குப் பிந்திய உலகங்கள்.”
எப்போதும் அதுதான்.
திருகோணமலை என்றதும்
போர் ஒன்று, கடல்கோள் ஒன்று என்று கணக்குப் பார்த்து
அந்த மேசையிலேயே இருத்திவிடுகிறார்கள்.

நான் கேட்டது
“விண்கலங்களில் சமையல்.”
ஈர்ப்பில்லாத அறையில்
தேங்காய்ப்பாலை எதற்குள் பிழிவது,
சொதி கொதித்தால் சட்டியில் நிற்குமா,
தாளிக்கும்போது கடுகு எந்தத் திசைக்கு வெடிக்கும்?
இதுபற்றி என்னிடம் பதினொரு பக்கம் இருக்கிறது.
அழிவுபற்றி அரைப்பக்கமும் இல்லை.

பிறகு விசாப் படிவம்.
முப்பத்தேழாவது கேள்வி:
நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்கு
என்ன அத்தாட்சி?

என் மூன்று நாவல்களிலும்
புறப்பட்டவர் ஒருவரும் திரும்பவில்லை.
ஒருத்தி வியாழனின் நிலவொன்றில் உப்பளம் போட்டுத் தங்கிவிட்டாள்.
ஒருவன் ஒளியாகிவிட்டான்.
மூன்றாவது கப்பலில்
திரும்புவதற்கான விசையையே நான் வைக்கவில்லை.
“அந்தப் புத்தகங்களை மட்டும் இணைக்க வேண்டாம், மிஸ்”
என்றார் முகவர்.
வங்கிக் கூற்று, காணி உறுதி,
மேலதிகாரியின் கடிதம் போதுமாம்.

வேறு அத்தாட்சிகளும் உண்டு, படிவத்தில்தான் இடமில்லை.
விடிய ஐந்தரைக்கு இறங்குதுறைத் தூணில்
நான் பார்த்துக் குறிக்கும் நீர்மட்டம்.
கோட்டை வாசலில்
என் இரண்டாம் நாவலின் நாலாம் அத்தியாயத்தை
கட்டோடு இழுத்துத் தின்ற ஒற்றைக்கொம்பு மான்,
அதனோடு இன்னும் கணக்குத் தீரவில்லை.
துறைமுக வாயிலுக்கப்பால்
கடல் திடீரெனப் பாதாளமாகும் இடத்தில்
நான் கட்டிவரும் நகரம்.
கணவாய்களுக்கு நீதிமன்றம் முடிந்தது.
சிறைக்கூடம் வேண்டுமா என்று
எட்டு மாதமாக யோசிக்கிறேன்.

செப்டெம்பர் சென்னையை வெட்டிவிட்டேன்.
லீவு இல்லை.
தவிர, போன தடவை
என் தமிழுக்கு அடிக்குறிப்புக் கேட்டார்கள்.

ஒக்டோபர், முதல் ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி,
உப்புவெளி, ரியூஷன் கொட்டிலின் பின்னறை.
இது நாங்களே கூட்டுகிற மாநாடு.
போன வருடம் பன்னிரண்டு கதிரை போட்டேன்,
மூன்று நிரம்பின.
கிண்ணியாப் பாலம் தாண்டி வந்த ஷஹ்மி,
ஜின்களின் காணி வழக்கைப்பற்றி
முடியாத காவியம் ஒன்றோடு.
மருந்துக்கடைத் தயாபரி,
என் கதைகளில் விஞ்ஞானப் பிழை மட்டும் தேடுபவள்.
கடற்படையில் ரேடார் திருத்தும் லசித,
எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிப்பவன்,
“ழ” வந்தால் ஒருமுறை நின்று மூச்செடுப்பவன்.

மற்ற ஊர்களில் கேட்பதுபோல நானும் கேட்டேன்,
சும்மா, பேச்சைத் தொடக்க:
கால இயந்திரம் கிடைத்தால்
எந்த ஆண்டில் இறங்குவீர்கள்?

மின்விசிறி சுற்றியது.
ஷஹ்மி பேனா மூடியைத் திறந்து மூடினான்.
லசித தன் சப்பாத்தைப் பார்த்தான்.
ஆண்டு ஒன்றையும் ஒருவரும் சொல்லவில்லை.

கடைசியில் தயாபரிதான் சொன்னாள்:
“அடுத்த வருசம். இதே அறை.
நீங்கள் மூன்று பேரும் வந்திருக்கிறீர்களா
என்று பார்த்துவிட்டு வரலாம்.”
பிறகு பிளேன்டீ ஆறிப்போனதற்கு
என்னைத் திட்டினாள்.

முப்பத்தேழுக்கு எதிரே
காணி உறுதி இலக்கத்தை எழுதினேன்.
கீழே இன்னும் ஒரு வரிக்கு இடமிருந்தது.
எழுதினேன்:
ஒக்டோபரில் ஒரு கூட்டம் இருக்கிறது,
அறைச் சாவி என்னிடம்.